ஃபேன்ஃபிக் வாசிக்கிறதை வீட்டில் என்னவென்று சொல்கிறீர்கள்?

நெல்லியடி_வாசகி · ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் மற்றவர்கள் எழுதியதை வாசித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான். இன்றைக்கு ஒன்று கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். நெல்லியடியில் காலை 750 ஆம் இலக்க பஸ் ஏறினால் டவுனுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பின்னேரம் திரும்பி வர இன்னொரு மணித்தியாலம். ஒன்பது வருடமாக இந்த இரண்டு மணித்தியாலமும் எனக்கு ஃபிக் வாசிக்கிற நேரம். ஃபேன்ஃபிக் என்றால், ஒரு நாடகத்திலோ நாவலிலோ வருகிற பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் தாங்களாக எழுதுகிற கதை. சீட் கிடைத்தால் யன்னல் பக்கம். கிடைக்காவிட்டால் ஒரு கை கம்பியில், மற்றக் கையில் போன். வல்லை வெளியில் காற்று வந்து முகத்தில் அடித்தபோது எந்தக் கதையில் எந்த இடத்தில் இருந்தேன் என்று பல கதைகளுக்கு இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

போன கிழமை பக்கத்தில் இருந்த தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார்: "என்ன பிள்ளை, ஒவ்வொரு நாளும் அப்பிடி என்னத்தை வாசிக்கிறாய்?" கதை என்றேன். "ஆருடைய கதை?" என்றார். அந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை.

யாருடைய கதை? பாத்திரங்கள் ஒரு கொரிய நாடகத்தில் வருபவர்கள். எழுதியவர் எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஒரு புனைபெயர் மட்டும்தான். நாடகத்தில் பத்து நிமிடம்கூட வராத அண்ணன் தம்பி இரண்டு பேரை எடுத்து அவர் 41 அத்தியாயம் எழுதியிருந்தார். இதைப் பஸ்ஸுக்குள் எங்கே தொடங்கிச் சொல்வது? "சும்மா, போனில வாற கதை அக்கா" என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு முழுக்க அது மனதை அரித்தது. சும்மா கதை இல்லையே அது.

2018 இல் அப்பா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மத்தியானம் பார்க்க விடுகிற நேரம் முடிந்தால் பின்னேரம் வரைக்கும் வெளி விறாந்தை வாங்கில் இருப்பேன். மடியில் சாப்பாட்டுக் கரியர், கையில் இந்தக் கதை. 19 ஆம் அத்தியாயத்தில் தம்பி நாலு நாளாகச் சாப்பிடாமல் அறைக்குள் கிடப்பான். அண்ணனுக்குச் சமைக்கத் தெரியாது. கஞ்சி வைப்பான், அடிப்பிடிக்கும். திரும்ப வைப்பான், தண்ணியாகப் போகும். மூன்றாம் தரம் வைத்ததைக் கதவடியில் வைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருப்பான். "சாப்பிடு" என்று ஒரு சொல் சொல்ல மாட்டான். உள்ளே கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் எழும்பவும் மாட்டான். அத்தியாயம் அவ்வளவுதான். அதை வாசித்த பின்னேரம் நானும் அப்பாவிடம் "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ" என்று நச்சரிக்கவில்லை. கரியரைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவராகக் கையை நீட்டினார்.

அப்பா அந்த முறை வீட்டுக்கு வந்தார். பிறகு இரண்டு வருடம் எங்களோடு இருந்தார்.

போன மாதம் அந்தக் கதையைத் திரும்ப வாசிக்கப் போனேன். கதை இருக்கிறது, எழுதியவரின் பெயர் இல்லை. ஏஓ3 என்பது இப்படியான ரசிகர் கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிற இணையத்தளம். அதில் எழுதியவர்கள் தங்கள் பெயரைக் கழற்றிவிட்டுக் கதையை மட்டும் விட்டுப் போகலாம். ஓர்ஃபன் செய்கிறது என்பார்கள். கதை அழியாது. கீழே கொமெண்டும் எழுதலாம். ஆனால் அது எழுதியவருக்குப் போய்ச் சேராது.

இவ்வளவு வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு கூடோஸ், பிடித்தது என்று அழுத்துகிற பட்டன். ஒரு சொல் எழுதவில்லை. என் ஆங்கிலத்தில் பிழை இருக்கும் என்ற வெட்கம். இனி எழுதினாலும் விலாசம் இல்லாத கடிதம்தான்.

எனக்கு இரண்டு கேள்வி. நீங்கள் வாசிக்கிறதை வீட்டிலும் வேலையிலும் என்னவென்று சொல்கிறீர்கள்? எழுதுகிறவர்களுக்கு ஏதாவது சொல்கிறீர்களா, இல்லை என்னைப் போலத்தானா?

—

போடிங்_அறை_3 · ஞாயிறு, இரவு 10.15

அக்கா, நான் கம்பஸ் மூன்றாம் வருடம், திருநெல்வேலியில் போடிங்கில் இருக்கிறேன். ஃபேன்ஃபிக் என்றால் பெட்டையள் வாசிக்கிறது என்றுதான் எங்கள் அறையில் நினைப்பு. நான் அனிமே ஃபிக் வாசிக்கிறது ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். அவனும் வாசிக்கிறவன் என்பதால் தெரியும்.

2022 இல் ஏ.எல் பரீட்சை எழுதி முடித்த கையோடு கரண்ட் வெட்டு உச்சத்துக்குப் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். கரண்ட் இருக்கிற நேரம் கதைகளை ஈபப்பாக, அதாவது மின்னூலாக, இறக்கி வைப்பேன். ஒரு லட்சம் சொல் உள்ள கதைகூட ஒரு போட்டோ அளவுக்கு இடம் பிடிக்காது. அப்புறம் போனை எயார்பிளேன் மோட்டில் போட்டு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வாசிப்பேன். அப்பா தோட்டக்காரர், தண்ணி இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். வரிசையில் விடியப்புறம் அவர் நிற்பார், ஏழு மணிக்கு நான் போய் மாறி நிற்பேன். அந்த வரிசையில் ஒரு நீளக் கதையை முழுதாக வாசித்து முடித்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஐயா "தம்பி நல்லாப் படிக்கிறார்" என்று என் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டுமோ என்று உங்களுடையதை வாசித்த பிறகு நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். அந்த 41 அத்தியாயத்தையும் இன்றைக்கே இறக்கி வையுங்கள். பெயரைக் கழற்றியவர் கதையை அழிக்காமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம். எத்தனையோ பேர் அழித்துவிட்டே போகிறார்கள்.

—

முற்றத்து_மல்லிகை · ஞாயிறு, இரவு 10.52

நான் சொல்கிறதில்லை. சொல்லவும் மாட்டேன். கூட்டுக் குடும்பம், மாமியார், மச்சாள், பிள்ளைகள். நான் சமைக்கிறது எல்லோருக்கும், உடுக்கிறது நாலு பேர் பார்க்க, கோயிலுக்குப் போகிறதுகூட எல்லோரும் சேர்ந்துதான். இரவு பதினொரு மணிக்குப் பிறகு வாசிக்கிற அந்த அரை மணித்தியாலம் ஒருத்தருடைய அபிப்பிராயமும் படாமல் கிடக்கட்டும். வெட்கம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் தங்கச்சி.

ஆனால் கொமெண்ட் எழுதுவேன். எழுதுகிற ஆளுக்கு நான் யார் என்று தெரியாதுதானே.

—

கைதடி_மாமி · திங்கள், காலை 5.50

பிள்ளைகள், நான் உங்கள் எல்லோரையும் விட மூத்தவள். ஃபேன்ஃபிக் என்ற சொல்லே போன வருடம் மருமகள் சொல்லித்தான் தெரியும். நான் ஒரு கதை சொல்ல, "மாமி, அதுக்குப் பேர்தான் ஃபேன்ஃபிக்" என்றாள். அந்தக் கதையை இங்கேயும் சொல்கிறேன்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது, பிறகு பல வருடம் வரவில்லை. அதற்கு முதல் இந்தியாவிலிருந்து வாரப் பத்திரிகைகள் வரும். தொடர்கதைகளை வெட்டி எடுத்து, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டு வைப்போம். எங்கள் தெருவில் ஒரே பிரதி பத்து வீடு சுற்றும். பத்திரிகை வராமல் போன நேரத்தில் ஒரு தொடர்கதை பாதியில் நின்றது. நாயகி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஸ்டேசனில் நிற்கிறாள். வண்டி வருகிறது. தொடரும். அவ்வளவுதான். அடுத்தது வரவே இல்லை.

எங்களுக்கு அது பெரிய துக்கம். எத்தனையோ பெரிய துக்கங்கள் நடந்த காலம்தான், இருந்தாலும் அந்தப் பிள்ளை ஸ்டேசனில் நிற்கிறாளே என்று எனக்கு நித்திரை வராது. ஒரு நாள் அக்கா சொன்னா, "அழாதை, மிச்சத்தை நான் சொல்லுறன்." ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்துகிற காலம். எண்ணெய் விக்கிற விலையில் கதைக்காக விளக்கு எரிக்க அம்மா விட மாட்டா. அதனால் அக்கா இருட்டில்தான் சொல்லுவா. ஒரு இரவுக்கு ஒரு அத்தியாயம். முதலில் நானும் தம்பியும். பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளைகள். பிறகு அவர்களுடைய தாயும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று கேட்பா. அக்கா பகலில் அதைச் சீ.ஆர் கொப்பியில் எழுதியும் வைத்தா. இரண்டு கொப்பி நிறைந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, ஊரோடு வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். அக்காவின் பையில் இரண்டு கொப்பியும் இருந்தது. கைதடிக்கு வந்து பார்த்தபோது ஒன்று நனைந்து மை முழுதும் கரைந்து நீலமாகக் கிடந்தது. வெய்யிலில் காயப்போட்டும் ஒரு எழுத்துத் தெரியவில்லை. மற்றது இன்றைக்கும் என் அலுமாரியில் இருக்கிறது.

2002 இல் பாதை திறந்தபோது கொழும்புக்குப் போன அண்ணாவிடம் சொல்லி அந்த நாவலை வாங்குவித்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து உண்மையான முடிவை வாசிக்கிறேன். நாயகி அந்த வண்டியில் ஏறவே இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். நல்ல எழுத்துத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அக்காவின் கதையில் அவள் ஏறினாள். ஏறிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சராகி, கடைசியில் அந்தக் கடிதத்தை எழுதினவரைத் தேடிப் பிடித்தாள். எனக்கு அவள் ஏறினவள்தான்.

அக்கா இப்போது கனடாவில். போன கிழமை கேட்டேன், அவவுக்கு முக்கால்வாசி ஞாபகம் இல்லை. நான் சொல்லச் சொல்ல "இதை நானா சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. நெல்லியடிப் பிள்ளை, "ஆருடைய கதை" என்று உன்னைக் கேட்டார்கள் என்றாய். எங்கள் அக்காவுடைய கதைக்கும் அப்படி ஒரு பதில் இல்லை.

—

உரும்பிராய்_ஆசிரியர் · திங்கள், இரவு 7.30

மாமியின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். அதற்கு மேல் மறுத்து எழுதக் கை வரவில்லை. ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறேன். 14, 15 வயதுப் பிள்ளைகள் போனில் நாள் முழுக்க இப்படியான கதைகளை வாசிக்கிறார்கள். எனக்கு இரண்டு கவலை. ஒன்று, தங்கள் மண்ணைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னால் ஒன்றும் வருவதில்லை. சியோலில் எந்தத் தெருவில் என்ன கடை என்று தெரிகிறது, தங்கள் ஊர்க் குளத்தின் பெயர் தெரியவில்லை. ஈழத்தில் எழுதியவர்களை யார் வாசிப்பது? அடுத்தவன் கட்டிய வீட்டில் குடியிருந்து பழகினால் தனக்கென்று ஒரு வீடு கட்டத் தோன்றுமா? இரண்டாவது, பிள்ளைகள் பார்க்கக் கூடாத விடயங்களும் அதே இடத்தில் கிடக்கின்றன. இது பழமைவாதம் இல்லை, பொறுப்பு. வாசிக்கிறவர்களை இழிவாக நினைத்து எழுதவில்லை. பதில் எதிர்பார்க்கிறேன்.

—

கூத்துக்_கொட்டகை · திங்கள், இரவு 8.45

சேர், உங்கள் முதல் கவலைக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

அடுத்தவன் கட்டிய வீடு என்றீர்கள். வியாசர் பாரதத்தில் அல்லி இல்லை. அருச்சுனனை மதுரைக்கு இழுத்துவந்து, ஆண்களை அண்டவிடாமல் அரசாளுகிற ஒருத்தியோடு மோதவிட்டது நம் ஆட்கள்தான். அல்லி அரசாணி மாலை புகழேந்தியின் பெயரில் வழங்கினாலும் உண்மையில் யார் பாடியது என்று எவரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். நல்லதங்காள், பவளக்கொடி எல்லாம் அப்படித்தான் கை மாறி வந்தது. புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினாரே, சீதையைத் தீயில் இறங்கச் சொன்ன செய்தியைக் கேட்டு அகலிகை திரும்பவும் கல்லாகிறாள். கம்பனிடமும் இல்லை, வால்மீகியிடமும் இல்லை. ஒரு வாசகருக்கு மூலக்கதையில் பொறுக்க முடியாமல் போன இடம் அது. ஃபிக் எழுதுகிற பிள்ளைகளும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தரம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தொடங்குகிற இடம் ஒன்று.

பொன்னியின் செல்வன் 1950 இலிருந்து 1954 வரை தொடராக வந்து முடிந்தது. பிறகு என்ன ஆனது என்று கேட்டுக் கேட்டு வாசகர்கள் விடவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அதன் தொடர்ச்சியை எழுதினார். எங்கள் வீட்டு அலுமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தது. ஒருவரும் இரண்டாவதைப் போனில் வாற சும்மா கதை என்று சொல்லவில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது நம் கோயில் புராணபடனம். அம்மப்பாவோடு போயிருக்கிறேன். ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். அந்தப் பயன் சொல்லுகிறவரைக் கேட்கத்தான் சனம் வரும். சூரபன்மன் மகன் பானுகோபன் போருக்குப் போகிறான் என்றால், பாட்டு நாலு வரிதான். பயன் சொல்லுகிறவர் அவனுடைய தாயின் மனதுக்குள் கால் மணித்தியாலம் நிற்பார். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள், அசுரனுடைய தாய்க்காக. ஒரு கதையை உயிரோடு வைத்திருக்கிற வேலை அது. நெல்லியடி அக்கா சொன்ன அந்தக் கஞ்சி அத்தியாயமும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. நாடகம் பத்து நிமிடம் காட்டியதற்கு யாரோ பயன் சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டிலும் இது இணையத்தோடு வந்த பழக்கம் இல்லை. 1967 இல் அமெரிக்காவில் ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தாங்களே தட்டச்சடித்து இதழ் போட்டார்கள். ஏஓ3 பொதுவுக்குத் திறந்தது 2009 இல். விளம்பரம் இல்லை, காசு இல்லை, நடத்துவது முழுக்கத் தொண்டர்கள். 2019 இல் அந்தத் தளத்துக்கே, அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கிற ஹியூகோ விருது கொடுத்தார்கள்.

—

உரும்பிராய்_ஆசிரியர் · திங்கள், இரவு 9.20

பயன் சொல்லுவதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் தகப்பனாரும் பயன் சொன்னவர். கந்தபுராணத்தில் அவர் நின்ற இடங்களை வீட்டில் வந்து திரும்பவும் சொல்லுவார், கூட்டியும் சொல்லுவார்.

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயன் சொல்லுகிறவர் பாட்டைக் கரைத்துக் குடித்தவர். நம் பிள்ளைகள் மூலத்தை வாசிக்காமலேயே ஃபிக்கை வாசிக்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் போகவில்லை. இரண்டாவது கேள்விக்கும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

—

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா · திங்கள், இரவு 10.05

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன் சேர். என் மகளுக்கு 15 வயது. நானும் வாசிக்கிறவள் என்பதால் எங்கே கல் கிடக்கிறது, எங்கே முள் கிடக்கிறது என்று தெரியும்.

கவலை சரியானது. ஏஓ3 இல் எல்லாம் இருக்கிறது, வயது வந்தவர்களுக்கானதும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் மேலே தரம் போட இடம் இருக்கிறது: எல்லோருக்கும், பதின்ம வயதுக்கு, முதிர்ந்தவர்களுக்கு, வெளிப்படையானது என்று. தரம் போடாமல் விட்டதும் இருக்கும், அதை நான் விடமாட்டேன். அதோடு எச்சரிக்கைகள், டேக்குகள். வன்முறை உண்டா, சாவு உண்டா என்று கதைக்குள் போக முதலே பார்க்கலாம். ஒரு புத்தகக் கடையில் மட்டையைப் பார்த்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடியாது. நான் மகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது டேக் வாசிக்கத்தான். முதல் இரண்டு தரத்துக்குள் நிற்கச் சொன்னேன். மீறினாளா என்று போனைப் பறித்துப் பார்ப்பதில்லை. "இண்டைக்கு என்ன வாசிச்சாய்?" என்று கேட்பேன், சொல்லுவாள். ஒரு நாள் அவளாகவே வந்து, "அம்மா, ஒரு கதை தொடங்கினேன், சரியில்லை, மூடிட்டேன்" என்றாள். ஒளித்து வாசிக்கிற பிள்ளை அப்படி வந்து சொல்லாது.

நடிகர்களையும் பாடகர்களையும், உயிரோடு இருக்கிற மனிதர்களை, பாத்திரமாக வைத்து எழுதுகிறதை மட்டும் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். நாளைக்கு உன்னைப் பற்றி உன் வகுப்பில் யாராவது அப்படி எழுதினால் என்று கேட்டேன். அவளுக்கு விளங்கியது.

இறக்கி வைக்கச் சொன்ன தம்பி சொன்னது சரி. 1981 இல் 97,000 புத்தகத்தோடு யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்த ஊர் நாங்கள். 2005 இலிருந்து 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தொண்டர்கள் நம் பழைய இதழ்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் பண்ணி ஏற்றுகிறார்கள். எழுதினது இருக்க வேண்டும் என்றால் யாரோ வைத்திருக்க வேண்டும்.

—

நாகதீவுக்காரி · செவ்வாய், காலை 6.20

வாசிக்கிறவர்கள் கதைத்தீர்கள், எழுதுகிற பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன். தமிழில் எழுதுகிறேன். ஏஓ3 இன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் கதைகள் குறைவு.

பொன்னியின் செல்வனில் பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகு வலித்து வந்தியத்தேவனை நாகத் தீவில் கொண்டுவந்து இறக்குவாள். கல்கிக்கு அது கடந்து போகிற இடம். நான் தீவுப் பக்கத்தில் பிறந்தவள். அந்தக் கரையில் அன்றைக்கு யார் நின்றிருப்பார்கள்? வலை காயப்போட்டவர்கள், சங்கு குளித்தவர்கள், படகு வருகிறதைப் பார்த்துவிட்டு யாரிடம் சொல்லலாம் யாரிடம் சொல்லக்கூடாது என்று யோசித்தவர்கள். அவர்களில் ஒரு கிழவியை வைத்து எழுதத் தொடங்கினேன். ஆசிரியர் சேர், என் ஊர்க் கடலில் எந்த மாதம் எந்தக் காற்று என்று எனக்குச் சரியாகத் தெரிய வந்தது இந்த ஃபிக் எழுதப் போய்த்தான். வாடைக் காற்றுக்குப் படகு எப்படித் திரும்பும் என்று சித்தப்பாவிடம் மூன்று நாள் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

நாலு அத்தியாயம் போட்டேன். 212 பேர் திறந்து பார்த்ததாகக் காட்டியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவதைப் பாதியில் விட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு மெயில், கொமெண்ட் வந்திருக்கிறது என்று. ஒரே வரி: "கிழவி பூங்குழலிக்குக் கொடுத்த ஒடியல் துண்டை அவள் படகில் ஏறின பிறகுதான் கடித்தாள் என்று எழுதினீர்களே, எங்கள் அம்மம்மா வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் நானும் அப்படித்தான்." அவ்வளவுதான். அன்றைக்கு இரவே ஐந்தாம் அத்தியாயத்தை முடித்தேன்.

அதனால் நெல்லியடி வாசகி, ஆங்கிலம் பிழை என்று பயப்படாதீர்கள். எழுதுகிறவர் இலக்கணம் பார்க்க மாட்டார். எந்த இடம் என்று சொன்னால் போதும். "நன்று, அருமை" என்பதைவிட அந்தக் கரண்டிச் சத்தத்தைச் சொன்னால் போதும்.

—

போடிங்_அறை_3 · செவ்வாய், மத்தியானம் 12.40

ஒடியல் துண்டு எழுதினது நான். வேறு பெயரில். இப்போதுதான் தெரியும் அது உங்களுடைய கதை என்று. ஆறாம் அத்தியாயம் எப்போது அக்கா?

—

நாகதீவுக்காரி · செவ்வாய், மத்தியானம் 1.05

தம்பி, எனக்கு என்ன எழுதுகிறது என்று தெரியவில்லை. ஆறாவது இந்த வெள்ளி.

—

நெல்லியடி_வாசகி · சனி, இரவு 8.10

ஆறு நாளாக எழுதவில்லை, ஆனால் எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லோருக்கும் நன்றி.

முதலில், கதையை இறக்கி வைத்துவிட்டேன். பிறகு பெயர் இல்லாத அந்தப் பக்கத்தின் கீழே ஒரு கொமெண்ட் எழுதினேன். தமிழில். 19 ஆம் அத்தியாயத்தைப் பற்றி, அப்பாவைப் பற்றி. போய்ச் சேராது என்று தெரியும். இனி வாசிக்கிற மற்றவர்களுக்கு அங்கே அப்பாவுடைய கதையும் ஒரு ஓரத்தில் இருக்கும். அதோடு, இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிற மூன்று பேருக்கு எந்த இடம் என்று சொல்லி எழுதினேன். ஒருவர் பதில் போட்டுவிட்டார்.

அடுத்தது அம்மா. வியாழக்கிழமை பின்னேரம் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தா. நானும் பக்கத்தில் இருந்து ஆய்ந்துகொண்டு, "அம்மா, நான் பஸ்ஸில வாசிக்கிற கதையைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். மாமியின் அக்காவை நினைத்துத்தான் அந்தத் துணிவு வந்தது. எந்த நாடு, என்ன நாடகம், யார் எழுதினது ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணன் தம்பி ரண்டு பேர், தாய் தகப்பன் இல்லை" என்று தொடங்கினேன். முதல் அத்தியாயம் முடிய இலையும் முடிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சுளகைத் தட்டிவிட்டுக் குசினிக்குள் போனா. பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

நேற்று வேலையால் வந்து செருப்பைக் கழற்றவில்லை, விறாந்தையில் இருந்தபடியே கேட்டா: "பேந்து அந்தச் சின்னவன் பள்ளிக்கூடம் போனவனே?"

இரண்டு நாளில் ஏழு அத்தியாயம் சொல்லியாயிற்று. "ஆருடைய கதை" என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு எட்டாவது. அதில் அண்ணன் தம்பியை விட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறான். அம்மாவுக்கு அண்ணனை நல்லாய்ப் பிடித்துவிட்டது. மாமி, நீங்கள் இருக்கிறீர்களா? இதை மாற்றிச் சொல்லட்டோ, உள்ளபடி சொல்லட்டோ?

—

கைதடி_மாமி · சனி, இரவு 8.35

இருக்கிறேன் பிள்ளை. உள்ளபடி சொல்லு. போகட்டும் அவன். ஆனால் இரவில் சொல்லாதே, அம்மா நித்திரை கொள்ள மாட்டா. காலையில் சொல்லு, கஞ்சி வைக்க முதல்.